ஏழை என்று சத்தியம்

1962 ஜனவரி 8, திங்கட்கிழமை. வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பதிவகத்துக்கு வந்த காலைத் தபாலில் ஓர் உறை இருந்தது. அனுப்பியவர் ஃபுளோரிடா மாநிலம் ரேஃபோர்ட் சிறையின் 003826ஆம் எண் கைதி. உள்ளே சிறையில் கொடுக்கும் கோடு போட்ட தாள்கள். தாளின் தலைப்பில் கைதி வாரத்துக்கு எத்தனை கடிதம் எழுதலாம் என்கிற மாதிரி விதிகள் அச்சிட்டிருக்கும். அந்த விதிகளுக்குக் கீழே பென்சிலில், பள்ளிக்கூடப் பையன் பார்த்துப் பார்த்து எழுதியது போன்ற எழுத்தில், ஏகப்பட்ட எழுத்துப் பிழைகளோடு ஒரு மனு.

எழுதியவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். வயது 51. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அதற்கு முன்பே பலமுறை சிறைக்குப் போய் வந்தவர். அந்த மனுதான் பதினான்கு மாதங்கள் கழித்து அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தையே திருப்பிப் போட்டது. கடும் குற்றச்சாட்டைச் சந்திக்கும் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி அதிலிருந்துதான் வந்தது. இந்தக் கதையைச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். படமாகவும் வந்திருக்கிறது.

எனக்குச் சட்டப் படிப்பு கிடையாது. நான் படித்தது இன்ஜினியரிங், செய்வது கோட் எழுதும் வேலை. அதனாலோ என்னவோ, இந்தக் கதையில் தீர்ப்பைவிட அந்த உறைக்குள் இருந்த தாள்கள்தான் என்னை அதிகம் இழுக்கின்றன. ஒரு அமைப்புக்குள் ஒரு கோரிக்கை எந்த வடிவத்தில் நுழைந்தது, எந்த வடிவத்தில் நுழைய மறுத்தது என்பதைப் பார்த்தால் அந்த அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடும்.

திரும்பி வந்த கடிதம்

ஜனவரியில் வந்தது கிடியனின் முதல் முயற்சி இல்லை. அதற்கு முன் ஒருமுறை அனுப்பி, அது திரும்பி வந்திருந்தது. காரணம் மிகச் சின்னது. மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம், பேச்சு வழக்கில் அஃபிடவிட், இணைக்கப்படவில்லை.

அன்றைய நடைமுறையில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு போக வேண்டுமென்றால் கட்டணம் கட்ட வேண்டும். மனுவை அச்சடிக்க வேண்டும். இன்ன அளவுத் தாள், இன்ன அளவு எழுத்து என்று விதி உண்டு. ஒன்றிரண்டு அல்ல, நாற்பது பிரதிகள். சிறையில் இருப்பவர் எங்கே போய் அச்சடிப்பார்? இதற்காகவே ஒரு பக்கவாசல் இருந்தது. ‘இன் ஃபார்மா பாப்பரிஸ்’ என்று லத்தீனில் பெயர். ‘ஏழையின் முறையில்’ என்று சொல்லலாம். அந்த வாசலில் கட்டணம் இல்லை, அச்சு இல்லை, ஒரே ஒரு பிரதி போதும். ஆனால் அந்த வாசலில் நுழையவும் தனியாக ஒரு மனு போட வேண்டும். ‘என்னை ஏழையாக வழக்காட அனுமதியுங்கள்’ என்று கேட்கும் மனு. அதற்கு ஆதரவாக, ‘நான் ஏழை, என்னிடம் பணமில்லை’ என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம்.

கிடியனிடம் அது இல்லை. ஆகவே பதிவகம் திருப்பி அனுப்பியது. வெறுமனே அனுப்பவில்லை. விதிகளின் நகல் ஒன்றையும், பிரமாணப் பத்திரத்தின் மாதிரி ஒன்றையும் உறைக்குள் வைத்து அனுப்பியது. கிடியன் அந்த மாதிரியைப் பார்த்து எழுதி, சத்தியம் செய்து, மறுபடி அனுப்பினார்.

என் தொழிலில் இதற்கு நேரான ஒரு விஷயம் உண்டு. ஒரு சர்வருக்குத் தவறான வடிவத்தில் கோரிக்கை அனுப்பினால் அது நிராகரிக்கும். சில சர்வர்கள் ‘தவறான கோரிக்கை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். சில, ‘இந்தப் புலம் விடுபட்டிருக்கிறது, இப்படி அனுப்பு’ என்று ஒரு மாதிரியையும் சேர்த்து அனுப்பும். முதல் வகையோடு மல்லுக்கட்டி ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வகையின் அருமை தெரியும். இரண்டுமே நிராகரிப்புதான். முதலாவது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாத்துகிறது.

சத்தியத்தின் வரலாறு

ஏழை தன் ஏழ்மையைச் சத்தியம் செய்து நிரூபிக்கும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது அல்ல. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல், ஒரு சட்டம் வந்தது. ஏழைகள் வழக்குத் தொடுக்கத் தேவையான ஆவணங்களைக் கட்டணமின்றிப் பெறலாம், வழக்கறிஞரையும் நீதிமன்றமே காசு வாங்காமல் நியமிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் தன் சட்ட விளக்க நூலில் இதைச் சொல்லும்போது, ஐந்து பவுண்டுக்குக்கூடச் சொத்து இல்லை என்று சத்தியம் செய்பவரே இந்தச் சலுகைக்குரிய ஏழை என்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். முன்பெல்லாம் அப்படி வழக்குத் தொடுத்த ஏழை தோற்றுவிட்டால், செலவுத் தொகையைக் கட்டுகிறாயா, சாட்டையடி வாங்குகிறாயா என்று அவரிடமே கேட்பார்களாம். பிளாக்ஸ்டன் காலத்தில் அந்த வழக்கம் போய்விட்டது. ஆனால் அதன் வாசனை முழுதாகப் போகவில்லை. ஏழையின் மனுவைப் பார்க்கும் எல்லா அமைப்பிலும், ‘இவன் உண்மையிலேயே ஏழைதானா, இல்லை சும்மா தொந்தரவு செய்ய வந்தவனா’ என்ற சந்தேகம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1495இன் சட்டம் உரிமையியல் வழக்குத் தொடுக்கும் ஏழைக்கு இலவச வக்கீல் கொடுத்தது. ஆனால் அதே இங்கிலாந்தில் திருட்டோ கொள்ளையோ செய்ததாகத் தூக்குமேடையை எதிர்நோக்கி நின்றவருக்குத் தன் சொந்தக் காசில்கூட முழுமையாக வக்கீல் வைத்து வாதாடும் உரிமை சட்டப்படி கிடைத்தது 1836இல்தான். அண்டை வீட்டுக்காரனோடு நிலத் தகராறு என்றால் வக்கீல் உண்டு. உயிர் போகிற வழக்கு என்றால் நீயே பேசிக்கொள். குற்றமற்றவனுக்கு உண்மையைச் சொல்ல வக்கீல் எதற்கு என்பது அன்றைய வாதம்.

அமெரிக்கா இந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு தன் வழியில் மாற்றியது. அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம் குற்றவழக்கில் வக்கீல் உதவியை உரிமையாக்கியது. ஆனால் அது மத்திய அரசின் நீதிமன்றங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. அங்கும் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது 1938இல்தான் உறுதியானது. ஏழை சத்தியப் பத்திரம் கொடுத்துக் கட்டணமின்றி வழக்காடலாம் என்ற மத்தியச் சட்டம் 1892இல் வந்தது, 1910இல் குற்றவழக்குகளின் மேல்முறையீடுகளுக்கும் விரிந்தது. ஆக, கிடியனின் பென்சில் போய் நின்ற பக்கவாசல் அப்போது ஐம்பது வருடப் பழசு. அதன் வழியாக அவர் கேட்டதுதான் புதுசு.

‘உச்ச நீதிமன்றம் சொல்கிறது’

1961 ஜூன் 3 அதிகாலை, ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி அருகே ஒரு பூல்ரூமின் ஜன்னலை யாரோ உடைத்து உள்ளே புகுந்தார்கள். சிகரெட் இயந்திரத்தையும் பாட்டுப்பெட்டியையும் உடைத்துச் சில்லறையை எடுத்தார்கள். கொஞ்சம் பானங்களும் காணவில்லை. ஐந்தரை மணி வாக்கில் கிடியனை அந்தக் கடைக்குள் பார்த்தேன், கையில் ஒயின் பாட்டிலோடு வெளியே வந்தார் என்று ஓர் இளைஞர் சொன்னார். கிடியன் கைதானார். திருட்டு சின்னதுதான். ஆனால் திருடும் நோக்கத்தோடு கட்டடத்தை உடைத்துப் புகுவது ஃபுளோரிடா சட்டப்படி பெருங்குற்றம்.

ஆகஸ்ட் 4, விசாரணை. தனக்கு வக்கீல் நியமிக்க வேண்டும் என்று கிடியன் நீதிபதி ராபர்ட் மெக்ரேரியிடம் கேட்டார். மன்னிக்கவும், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே எங்கள் மாநிலச் சட்டப்படி அப்படி நியமிக்க முடியும் என்றார் நீதிபதி. எனக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொல்கிறது என்றார் கிடியன்.

இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைய சட்டப்படி நீதிபதி சொன்னதுதான் சரி, கிடியன் சொன்னது தவறு. உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவே இல்லை. அதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. கிடியன் யாரிடம் கேட்டு அப்படி நம்பினாரோ, அந்தத் தவறான நம்பிக்கையைக் கடைசி வரை விடவில்லை.

வக்கீல் இல்லாமல் அவரே வாதாடினார். சாட்சிகளை அழைத்தார், குறுக்கு விசாரணை செய்தார், ஆறு பேர் கொண்ட ஜூரியிடம் பேசினார். குற்றவாளி என்றார்கள். ஐந்து வருடம். அந்தக் குற்றத்துக்கு அதுதான் உச்சபட்சத் தண்டனை. சிறையிலிருந்து ஃபுளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு எழுதினார். காரணம் எதுவும் சொல்லாமல் அது தள்ளுபடியானது. அதற்குப் பிறகுதான் வாஷிங்டன்.

அவர் செய்யாத சத்தியம்

கிடியனின் வழியில் நின்ற தீர்ப்பு ‘பெட்ஸ் எதிர் பிரேடி’, 1942. மேரிலாண்டில் ஒரு பண்ணைத் தொழிலாளி. பெயர் பெட்ஸ். வேலையில்லாதவர். கொள்ளையடித்ததாக வழக்கு. வக்கீல் கேட்டார், கிடைக்கவில்லை, எட்டு வருடம் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவருடைய முறையீட்டை நிராகரித்தது. மாநில நீதிமன்றங்களில் எல்லா ஏழைக்கும் வக்கீல் தர வேண்டிய அவசியமில்லை, வக்கீல் இல்லாததால் விசாரணையே அநியாயமாகிவிடும் அளவுக்குத் தனிப்பட்ட சூழ்நிலை இருந்தால் மட்டும் தர வேண்டும் என்றது. பெட்ஸுக்கு வயது 43, சாதாரண அறிவு உள்ளவர், முன்பும் ஒருமுறை குற்றவழக்கில் நீதிமன்றத்தைப் பார்த்தவர், ஆகவே தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை. முன்பு ஒரு வழக்கில் மாட்டியதே ‘அனுபவம்’ ஆகிவிட்டது! மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக்.

இந்தத் தீர்ப்பு அடுத்த இருபது வருடங்களுக்குச் சிறைகளிலிருந்து போகும் மனுக்களின் வடிவத்தையே தீர்மானித்தது. வக்கீல் வேண்டுமென்று கேட்கும் கைதி இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, நான் ஏழை. இரண்டு, நான் இயலாதவன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு வயது போதாது. என் மனநிலை சரியில்லை. என் வழக்கு எனக்குப் புரியாத அளவுக்குச் சிக்கலானது. இதில் ஏதாவது ஒன்று.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு மனிதன் தன் மனுவில் தன்னைப் பற்றி எழுதக்கூடியவற்றிலேயே மிக மோசமானதைத் தேடி எழுத வேண்டும். அதை நன்றாக எழுதினால், இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவனுக்கு வக்கீல் எதற்கு என்று கேட்பார்கள். மோசமாக எழுதினால் யாரும் படிக்கவே மாட்டார்கள்.

கிடியன் முதல் சத்தியத்தைச் செய்தார். ஏழை என்று கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைச் செய்யவில்லை. மனுவில் எந்த இடத்திலும் தான் படிக்காதவன், புத்தி குறைந்தவன், இது சிக்கலான வழக்கு என்று சொல்லவில்லை. வக்கீல் கேட்டேன், மறுத்தார்கள், அது என் உரிமையை மீறியது என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைய சட்டம் தெரிந்த யாராவது அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், ஏதாவது ஒரு தனிச் சூழ்நிலையைக் கண்டுபிடித்துச் செருகியிருப்பார்கள். ஒருவேளை அதில் ஜெயித்தும் இருப்பார். 1950க்குப் பிறகு, தனிச் சூழ்நிலை இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ஒரு கைதியைத் திருப்பி அனுப்பிய தீர்ப்பு எதுவும் தங்கள் கண்ணில் படவில்லை என்று நீதிபதி ஹார்லன் பின்னர் இதே வழக்கில் எழுதினார். ஆனால் அப்படி ஜெயித்திருந்தால் கிடியன் ஒருவர்தான் ஜெயித்திருப்பார். பெட்ஸ் தீர்ப்பு அப்படியே இருந்திருக்கும்.

அவர் அதைச் சொல்லாததால் நீதிமன்றத்துக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது. ஓரளவு விவரமான ஒரு மனிதர், சாதாரணமான ஒரு திருட்டு வழக்கு, மரியாதையாக நடந்துகொண்ட ஒரு நீதிபதி. தனிச் சூழ்நிலை என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆக, கேள்வி நிர்வாணமாக நின்றது: சாதாரண ஏழைக்கு உரிமை உண்டா, இல்லையா?

காகிதங்கள் நகர்ந்த விதம்

ஏழைகளின் மனுக்கள் தனிப் பதிவேட்டில் ஏறும். கிடியனுடையது 890ஆம் எண். ஒரே பிரதிதான் இருக்கிறது, நீதிபதிகளோ ஒன்பது பேர். தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் உதவியாளர்கள் மனுவைப் படித்துச் சுருக்கக் குறிப்பு ஒன்றை மெல்லிய தாளில் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். கிடியனின் எழுத்துப் பிழைகள் அந்த இடத்தில் மறைந்து, கேள்வி மட்டும் மேலே போயிருக்கும்.

1962 ஜூன் 4 அன்று நீதிமன்றம் இரண்டு மனுக்களையும் ஏற்றது. ஏழையாக வழக்காட அனுமதி, மேல்முறையீட்டை விசாரிக்க அனுமதி. பெட்ஸ் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமா என்பது பற்றி வாதிடும்படி இரு தரப்பையும் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு வக்கீல் நியமனம். அதற்கும் ஒரு மனுதான். அதை ஏற்று நீதிமன்றம் வாஷிங்டனின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஏப் ஃபோர்ட்டஸை நியமித்தது. பின்னாளில் அவரே அந்த நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார். கீழ்க்கோர்ட்டில் ஒரு சாதாரண வக்கீல்கூடக் கிடைக்காத மனிதருக்கு மேலே நாட்டின் தலைசிறந்த வக்கீல் இலவசமாகக் கிடைத்தார். தனக்கு வக்கீல் பெறும் உரிமை இருந்ததா என்று வாதிடுவதற்காக!

எதிர்த் தரப்பில் ஃபுளோரிடா அரசுக்காக வாதிட்டவர் புரூஸ் ஜேக்கப் என்ற இருபதுகளில் இருந்த இளைஞர். அவர் மற்ற மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்களுக்கெல்லாம் ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதினார். அது அவருக்கே எதிராகத் திரும்பியது. அலபாமாவும் வட கரோலினாவும் மட்டுமே ஃபுளோரிடா பக்கம் நின்றன. 22 மாநிலங்கள் கிடியனுக்கு ஆதரவாகத் தங்கள் கருத்தைத் தாக்கல் செய்தன. ஜேக்கப் பிற்காலத்தில் சட்டப் பேராசிரியராகிச் சிறைக்கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் பணியில் இறங்கினார்.

1963 ஜனவரி 15 அன்று வாதம். புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவை உதாரணம் காட்டினார் ஃபோர்ட்டஸ். ஜூரிக்கு லஞ்சம் கொடுத்ததாக டாரோ மீதே வழக்கு வந்தபோது, அவ்வளவு பெரிய வக்கீலும் முதலில் தேடியது தனக்கு ஒரு வக்கீலைத்தான். மார்ச் 18 அன்று தீர்ப்பு. ஒன்பது பேரும் ஒரே பக்கம். எழுதியவர் 21 வருடங்களுக்கு முன் பெட்ஸ் வழக்கில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய அதே ஹ்யூகோ பிளாக். வழக்கின் பெயர் முதலில் சிறைத்துறை இயக்குநர் காக்ரன் பெயரில் இருந்தது. இடையில் அவர் போய் வெயின்ரைட் வந்ததால் ‘கிடியன் எதிர் வெயின்ரைட்’ என்று வரலாற்றில் நின்றது.

பனாமா சிட்டியில் கிடியன் தவறாகச் சொன்ன அந்த வாக்கியம் ஒன்றரை வருடம் கழித்துச் சரியாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் இப்போது நிஜமாகவே அப்படிச் சொன்னது.

மனு எழுதத் தெரிந்தவருக்குத் தெரியாதது

இங்கே ஒருவர் கேட்கலாம். இவ்வளவு தூரம் தானே மனு எழுதி ஜெயித்தவருக்கு வக்கீல் எதற்கு? பதில் 1963 ஆகஸ்ட் 5 அன்று கிடைத்தது. அதே ஊர், அதே நீதிபதி மெக்ரேரி, அதே குற்றச்சாட்டு. இந்த முறை கிடியன் பக்கத்தில் ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் இருந்தார்.

அன்று காலை கிடியனை ஏற்றிச்சென்ற டாக்ஸி ஓட்டுநர் சாட்சி சொன்னார். தன்னை அழைத்துப் போனதை யாரிடமும் சொல்லாதே என்று கிடியன் கேட்டுக்கொண்டாராம். ஜூரியின் காதில் அது எப்படி விழும்? குற்றவாளியின் குரல் போலத்தான். டர்னர் எழுந்து, இதற்கு முன்பும் அவர் இப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ஓட்டுநர். எதற்காகவாம்? வீட்டில் மனைவியோடு தகராறு. அவ்வளவுதான். இரண்டே கேள்விகளில் பயங்கரமான ஒரு வாக்கியம் சாதாரணக் குடும்பச் சண்டையாகிவிட்டது. கிடியனைப் பார்த்ததாகச் சொன்ன இளைஞரையும் டர்னர் விடவில்லை. இரவு முழுக்க வெளியே சுற்றிவிட்டு அந்த நேரத்தில் அந்தக் கடை வாசலில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டுக் கேட்டு, ஜூரியின் சந்தேகத்தை மெல்ல அவர் பக்கமே நகர்த்தினார். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி திரும்பி வந்தது. குற்றவாளி அல்ல.

மனு என்பது யோசித்து, அடித்து, திருத்தி, மாதிரியைப் பார்த்து எழுதக்கூடியது. சிறையில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. விசாரணை அப்படியில்லை. சாட்சியின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் விழுந்த கணத்தில் அடுத்த கேள்வி வர வேண்டும். அது வராவிட்டால் அந்த வாக்கியம் அப்படியே பதிவேட்டில் உறைந்துவிடும். பிறகு எத்தனை பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாலும் அதைக் கரைப்பது கடினம். கிடியனின் மனு அவருடைய திறமைக்குச் சான்று. அவருடைய முதல் விசாரணை அந்தத் திறமையின் எல்லைக்குச் சான்று.

கிடியன் 1972இல் இறந்தார். சொந்த ஊரான மிசௌரி மாநிலத்தின் ஹனிபலில் புதைத்தார்கள். பல வருடங்கள் கழித்துத்தான் கல்லறைக்கு எழுத்துப் பொறித்த கல் வந்தது. அதில் இருப்பது அவர் ஃபோர்ட்டஸுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி.

கடல் தாண்டி

இந்தச் சத்தம் இந்தியாவுக்கும் கேட்டது. அதைச் சொன்னவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1978இல் ஹோஸ்காட் வழக்கில், கிடியனின் எக்காளம் கடல் தாண்டியும் கேட்டிருக்கிறது என்று தன் பாணியில் எழுதினார். அந்த வழக்கின் மையமும் ஒரு காகிதம்தான். போலிப் பட்டச் சான்றிதழ் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு மூன்று வருடம் தண்டனை கொடுத்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது தண்டனையையே அனுபவித்து முடித்திருந்தார். ஏன் தாமதம்? தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவே இல்லை என்றார். நகல் இல்லாமல் மேல்முறையீடு இல்லை. அவருடைய மனு கடைசியில் தள்ளுபடிதான் ஆனது. ஆனால் அதைத் தள்ளும்போதே நீதிமன்றம் ஒரு விதியை எழுதியது. கைதிக்குத் தீர்ப்பின் நகலை உரிய நேரத்தில் இலவசமாகக் கொடுக்க வேண்டும், வசதியில்லாதவருக்கு மேல்முறையீட்டுக்கு வக்கீலும் கொடுக்க வேண்டும். ஆளுக்குப் பயன்படாத வழக்கு, நாட்டுக்குப் பயன்பட்டது.

அடுத்த வருடமே திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, இன்னொரு கைதியைச் சிறைக் காவலர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மனு இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை, வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தது நீதிமன்றம்.

நம் ஊர்க் கோர்ட்டு வாசல்களைப் பார்த்திருப்பீர்கள். மரத்தடியில் ஒரு மேஜை, நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்பு, பக்கத்தில் டைப் அடிப்பவர். முகவரி மாற்றத்துக்காக நானும் அப்படி ஒரு மேஜை முன் நின்றிருக்கிறேன். ‘படிச்சுப் பாத்துக்குங்க சார்’ என்று நீட்டிய தாளில், இதில் கண்டவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று ஒரு வரி இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் படிக்காமலேயே கைநாட்டு வைத்துவிட்டு, ‘எங்க வேணா வைக்கிறேன் தம்பி, வேல முடிஞ்சா சரி’ என்றார். வடிவம் தெரிந்தவர்களின் கையில் வடிவம் தெரியாதவர்களின் உண்மை எப்படி ஒப்படைக்கப்படுகிறது என்பதற்கு அந்த மேஜையைவிட வேறு படம் வேண்டாம்.

அமெரிக்காவில் அந்தப் பக்கவாசல் பிறகு குறுகியது. 1996இல் வந்த ஒரு சட்டப்படி, உரிமையியல் வழக்குத் தொடுக்கும் கைதி ஏழை என்று சத்தியம் செய்தால் மட்டும் போதாது. சிறைக் கணக்கின் ஆறு மாத வரவு செலவு விவரத்தைச் சான்றளித்து இணைக்க வேண்டும், கட்டணத்தையும் தவணையில் கட்டியாக வேண்டும். ஏழாம் ஹென்றி காலத்துச் சந்தேகம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. வருமானம் காட்ட வேண்டிய மற்றவர்களுக்கும், அவர்கள் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம், நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தாலொழிய. கிடியன் நம் ஊர்ச் சிறையில் இருந்திருந்தால் வக்கீலுக்காக ஏழை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்காது. கேட்டால் போதும்.

ஆனால் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாஷிங்டன் பதிவகத்தில் அந்த முதல் மனுவைத் திருப்பி அனுப்பியவர் எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. விதிப்படி நிராகரித்தார், உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு மாதிரித் தாளை உள்ளே வைத்தார். அந்தத் தாள் உள்ளே இல்லாமல் போயிருந்தால் நாம் கிடியனின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.